தப்பே செய்யாத ஆள்

போன வாரம் மாமியார் புதுத் திரைச்சீலை வாங்கிக்கொண்டு படியேறி வந்ததோடு நிறுத்தியிருந்தேன். அது என்ன ஆயிற்று என்று கவலைப்பட்டவர்களுக்கு: மாட்டியாகிவிட்டது. பச்சை. பாசி பிடித்த தொட்டிக்குள் உட்கார்ந்திருக்கிற மாதிரி கூடம் முழுக்க ஒரே பச்சை.

புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்கு நாலு வரி. இது ஒரு ராக் குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறவனின் வீட்டுக் கதை. அவனை எல்லோரும் 'இடி' என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் பாஸ்போர்ட்டுக்குள் தூங்குகிறது. குழுவின் பாடகன் அவனுக்கு மச்சான். பாடகனின் தங்கையைத்தான் இடி கட்டியிருக்கிறான். வீட்டில் அவளுக்குச் சின்னு என்று பெயர். காது டாக்டர் ஒருவரின் கிளினிக்கில், வருகிறவர்களுக்கு எவ்வளவு கேட்கிறது என்று சோதித்துச் சொல்கிற வேலை. இவர்கள் மூன்று பேரையும் மேய்க்கிற பொறுப்பு மாமியாருடையது.

இந்த வருஷ ஆரம்பத்தில் இடி படுத்த படுக்கையானான். காய்ச்சல் இல்லை, அடி படவில்லை. மன அழுத்த நோய் என்றார் மனநல டாக்டர். நாலு மாசம் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். அழுதான். அப்புறம் ஒருநாள் எழுந்தான், குளித்தான், டிரம்ஸுக்கு முன்னால் போய் உட்கார்ந்தான். அது நடந்து ரெண்டு மாசம் ஆகிறது. அன்றைக்கு வீட்டில் எல்லோரும் அப்பாடா என்று மூச்சு விட்டார்கள். நீங்களும் விட்டிருப்பீர்கள்.

இன்று சாயங்காலம் டூர் பஸ் கிளம்புகிறது. மூன்று மாசம், ஊர் ஊராக, பெரிய மேடைகள். இடி அதில் ஏற வேண்டும்.

*

காலையில் அவன் கண் விழித்தபோது ஜன்னலில் வெயில் ஏறியிருந்தது. கொஞ்ச நேரம் தன் கைகளைப் பார்த்தபடி படுத்திருந்தான். எழுந்திருக்க வேண்டும் என்று தோன்றவில்லை. படுத்திருக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. எழுந்திருக்கிற நேரம் என்பதால் எழுந்தான்.

பல் தேய்த்தான். பற்பசையின் காரம் நாக்கில் பட்டது, அவ்வளவுதான். வெந்நீரைத் திறந்துவிட்டுக் கீழே நின்றான். ரொம்பச் சுடுகிறது என்பது தோள் சிவந்த பிறகுதான் தெரிந்தது. குழாயைத் திருகிக் குறைத்தான். துவட்டிக்கொண்டான்.

"மாப்பிள்ளை, முட்டையை முழுசாப் போடட்டுமா, கலக்கட்டுமா?" சமையலறையிலிருந்து மாமியார்.

"எப்படின்னாலும் சரி அத்தை."

"திரை எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு அத்தை."

"கண்ணைக் குத்தலையே?"

"நல்லா இருக்கு அத்தை."

மாமியாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உங்களில் பழைய வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும், இந்த ரெண்டு பேரும் எப்படிச் சண்டை போடுவார்கள் என்று. உப்பு ஒரு சிட்டிகை கூடினால் போதும், வீடு ரெண்டுபடும். இடி சாப்பாட்டு மேஜையில் ரெண்டு கரண்டியை வைத்துக்கொண்டு தட்டு, டம்ளர், மூடி என்று எதையும் விடாமல் தட்டுவான். "கரண்டியைக் கீழ வைங்க மாப்பிள்ளை, என் மண்டையில தட்டுற மாதிரி இருக்கு" என்று மாமியார் கத்துவாள். "உங்க மண்டையில இதைவிட நல்லா சத்தம் வரும் அத்தை" என்பான் அவன். அன்றைக்கெல்லாம் பக்கத்து வீட்டில் டிவியை அணைத்துவிட்டு இங்கே காது கொடுப்பார்கள்.

இப்போது கரண்டி தட்டுக்குப் பக்கத்தில் சும்மா கிடந்தது. இடி முட்டையை வெட்டினான், மென்றான், விழுங்கினான்.

மாமியார் மகளை உள்ளே இழுத்துக் காதில் ஓதினாள்: "உம் புருஷன் தங்கமாயிட்டார்டி. பெட்டிப் பாம்பா அடங்கிட்டார். நோய் வந்ததும் ஒருவகையில நல்லதுக்குத்தான் போல."

"அம்மா, வாயை அலம்பும்மா."

"நான் என்ன சொல்லிட்டேன்? நேத்து என்கூட உக்காந்து ரெண்டு மணி நேரம் டிவி பார்த்தார். யார் நல்லவ, யார் கெட்டவன்னு கேட்டா, நீங்க சொல்றதுதான் சரிங்கறார். உங்க அப்பா முப்பது வருஷத்துல ஒரு தடவை இதைச் சொன்னாரா?"

சின்னுவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அவன் பெட்டியை அடுக்கப் போனாள்.

"கறுப்புச் சட்டை வைக்கவா, சாம்பல் வைக்கவா?"

"வை."

"எதைப்பா?"

"ரெண்டையும்."

"மதியத்துக்கு மேல கிளினிக்குக்கு வந்துடணும். காதைக் காட்டாம வண்டி ஏறக் கூடாது, தெரியும்ல?"

"வந்துடறேன்."

இது கல்யாணத்துக்கு முன்பே அவள் போட்ட நிபந்தனை. ஒவ்வொரு டூருக்கும் முன்னால் அவன் வந்து அவள் முன் உட்கார்ந்து காதைச் சோதித்துக்கொள்ள வேண்டும். சொல்லப்போனால் அவர்கள் காதலே அங்கே ஆரம்பித்ததுதான். காதில் இரைச்சல் என்று அண்ணன் இவனை இழுத்துக்கொண்டு வந்தான். அவள் இவனிடம் பேசிய முதல் வாக்கியம், "பேசாதீங்க, பட்டனை மட்டும் அமுக்குங்க." இதை வைத்து இவன் ஒரு வருஷம் கேலி பண்ணினான்.

இந்தத் தடவை அவன் ஒரு கேலியும் பண்ணவில்லை என்பதை அவள் பெட்டியைப் பூட்டும்போது கவனித்தாள். டூர் கவலையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.

*

குழுவின் ஒத்திகைக் கூடம் ஒரு காலத்தில் மீன் வைக்கிற குளிர்சாதனக் கிடங்கு. சுவர் ஒரு முழக் கனம். உள்ளே எவ்வளவு அடித்தாலும் வெளியே ஒரு ஈ திரும்பிப் பார்க்காது. வாடை மட்டும் இன்னும் போகவில்லை.

டிரம்மர் காதில் ஒரு ஒலிபெருக்கி மாட்டியிருப்பான், சுண்டைக்காய் அளவில். அதில் டிக், டிக், டிக் என்று ஒரு சத்தம் வந்துகொண்டே இருக்கும். அதற்குக் கிளிக் என்று பெயர். அது அவன் ஒருவனுக்கு மட்டும்தான் கேட்கும். அவன் அதைப் பிடித்துக்கொண்டு அடிக்க வேண்டும், மற்றவர்கள் அவனைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். தொழில் இவ்வளவுதான்.

பழைய இடிக்கு ஒரு வியாதி உண்டு. பல்லவி திரும்பி வருகிற இடத்தில் ஆசாமிக்குத் தாங்காது. மயிரிழை வேகம் கூடிவிடும். காதில் கிளிக் கத்தும், இவன் அதை உதறிவிட்டு ஓடுவான், குழு மொத்தமும் நாய் துரத்துகிற மாதிரி அவன் பின்னால் ஓடும். பாடகன் துண்டை எடுத்து வீசுவான். "யோவ் மச்சான், எங்கய்யா போற? பஸ் எங்கயும் போகலைய்யா!" ஒலிப்பதிவுக் கூடங்களில் இடிக்காகவே கூடுதல் நேரம் எடுப்பார்கள். ஆனால் அந்த ஓட்டத்தில்தான் கூட்டம் எழுந்து நிற்கும். அதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த ரெண்டு மாசமாக அந்த வியாதி போய்விட்டது. கிளிக் எங்கே விழுகிறதோ, கோல் அங்கே விழுகிறது. ஒரு இடம் பிசகு இல்லை.

இன்று காலை நிகழ்ச்சி முழுவதையும் ஒரே மூச்சில் வாசித்துப் பார்த்தார்கள். மூலையில் ஒலிப்பதிவுக்காரன் தன் கருவியோடு உட்கார்ந்திருந்தான். இடி தன் கைகளைப் பார்த்துக்கொண்டு வாசித்தான். கைகள் வேலை தெரிந்தவை. அவை பாட்டுக்கு அடித்தன. டிக் வந்தது, அடித்தான். டிக் வந்தது, அடித்தான். பாட்டு நல்லதா, கெட்டதா, யாருடையது, எதற்காக என்பதெல்லாம் அவனுக்கு எட்டவில்லை. எட்டவில்லையே என்ற வருத்தமும் இல்லை.

நடுவில் ஒரு பாட்டு உண்டு. சின்னுவின் அப்பா இறந்த வருஷம் பாடகனும் இடியும் சேர்ந்து கட்டியது. அதில் ஓரிடத்தில் எல்லா வாத்தியமும் நின்றுவிடும். பாடகனின் குரல் மட்டும் தனியே நடக்கும். அப்புறம் டிரம்ஸ் உள்ளே வரும். அந்த இடத்தில் இடிக்கு எப்போதும் மயிர்க்கூச்செறியும். கோலைப் பிடித்திருக்கிற கையில் அது தெரியும்.

இன்று அவன் அந்த இடத்தில் லிஃப்டுக்குக் காத்திருக்கிற ஆள் மாதிரி காத்திருந்தான். நேரம் வந்தது. சரியாக உள்ளே வந்தான்.

பாடகன் பாடி முடித்துத் திரும்பிப் பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது. இடியின் முகத்திலும் அதைத் தேடினான். தான் பார்க்கப்படுகிறோம் என்று இடிக்குத் தெரிந்தது. சிரித்தான். சிரிப்பு, வர வேண்டிய நேரத்துக்கு வந்து, போக வேண்டிய நேரத்துக்குப் போயிற்று.

பாடகன் அதைப் பார்த்தான். அவன் முட்டாள் இல்லை. ஆனால் சாயங்காலம் பஸ். பதினோரு வருஷமாக அடுத்தவர்களின் நிகழ்ச்சிக்கு முன்னால் வாசித்துக் கூட்டத்தை உட்கார வைத்துவிட்டு இறங்கிப் போனவர்கள் இவர்கள். போஸ்டரில் கடைசி வரியில், கண்ணாடி போட்டுப் படிக்கிற எழுத்தில் பெயர் வரும். இந்த முறைதான் முதல் வரியில் வந்திருக்கிறது. அவன் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? அவன் மைக் கம்பத்தைத் திருக ஆரம்பித்தான்.

"மச்சான், சும்மா சொல்லக் கூடாது," என்றான், திரும்பாமலேயே. "மெஷின் வந்து உன்கிட்ட டியூஷன் படிக்கணும்."

"தேங்க்ஸ் மச்சான்," என்றான் இடி.

அதுவும் புதுசுதான். பழைய இடி இதற்கு ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருப்பான்.

*

சோதனை அறை ஒரு பீரோவைவிடக் கொஞ்சம் பெரியது. சுவரெல்லாம் பஞ்சு மெத்தை. கதவைச் சாத்தினால் உள்ளே இருப்பவனுக்குத் தன் மூச்சுதான் கேட்கும். நடுவில் ஒரு கண்ணாடி. இந்தப் பக்கம் சின்னு, அவள் கருவி, அவள் மைக். அந்தப் பக்கம் இடி, தலையில் ஹெட்போன், கையில் ஒரு பட்டன்.

ஹெட்போனில் சின்னச் சின்னச் சத்தங்கள் வரும், கனமாக, மெல்லியதாக, வரவர மங்கி. கேட்டால் பட்டனை அமுக்க வேண்டும். அமுக்கினால் சின்னு பக்கம் ஒரு விளக்கு எரியும். கேட்காவிட்டால் சும்மா இருக்க வேண்டும்.

இதில் பித்தலாட்டம் பண்ணுகிறவர்கள் உண்டு. காது மந்தம் என்று தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயந்து, குத்துமதிப்பாக அமுக்குவார்கள். அதனால் சின்னு சத்தங்களை ஒரே சீராக விடமாட்டாள். ஒன்று விடுவாள், காத்திருப்பாள், டக்கென்று ரெண்டு விடுவாள். யாரும் ஊகிக்க முடியாதபடி.

ஆனால் இன்று வெளியே நாலு பேர் காத்திருந்தார்கள். சாயங்காலம் பஸ். உள்ளே இருப்பவன் வேறு யாரோ இல்லை, புருஷன். அவன் எதற்கு ஏமாற்றப் போகிறான்? கை போன போக்கில், ஒரே இடைவெளியில், சீராக விட்டுக்கொண்டே போனாள்.

விளக்கு எரிந்தது. எரிந்தது. எரிந்தது. வலது காது முடிந்து இடது காது வந்தது.

டிரம்மர்களின் இடது கைப் பக்கம் காலால் மிதித்து மூடித் திறக்கிற ஜோடித் தட்டு ஒன்று இருக்கும். வருஷக்கணக்கில் அது காதுக்குப் பக்கத்திலேயே அலறுவதால் இடது காதில் கீச்சுச் சத்தங்கள் முதலில் போய்விடும். இடிக்கும் போயிருந்தது. ஒவ்வொரு வருஷமும் சோதனை முடிவைக் காட்டுகிற வரைபடத்தில் அவன் கோடு அந்த இடத்தில் பள்ளத்தில் இறங்கி ஏறும். சின்னு அதைப் பார்த்துத் திட்டுவாள், அவன் காதில் விழவில்லை என்று கையை ஆட்டுவான்.

இன்று அந்த இடத்திலும் விளக்கு எரிந்தது. சத்தத்தைக் குறைத்தாள். எரிந்தது. இன்னும் குறைத்தாள். எரிந்தது. கோடு பள்ளமே இல்லாமல் நேராகப் போனது.

சின்னு கருவியைத் தட்டிப் பார்த்தாள். போன காது திரும்பி வராது. அது அவள் படிப்பின் முதல் பாடம். யாருக்கும் வந்ததில்லை.

அவள் கையைக் கருவியிலிருந்து எடுத்தாள். சத்தம் எதுவும் விடவில்லை. கண்ணாடி வழியே பார்த்தாள்.

விளக்கு எரிந்தது.

கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி எரிந்தது. அதே இடைவெளி. மறுபடியும். உள்ளே அவன் முதுகு நிமிர்ந்து, முகத்தில் ஒன்றும் இல்லாமல், முன்னால் இருந்த சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். கட்டைவிரல் மட்டும் இறங்கி ஏறியது. அவளுடைய சீரைப் பிடித்துக்கொண்டுவிட்டான். ஒன்றுமே இல்லாத இடத்தில் பிசகாமல் அமுக்கிக்கொண்டிருந்தான்.

சின்னு ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். காலை முட்டை, திரைச்சீலை, டிவி, ரெண்டு சட்டை, கேலி பண்ணாத வாய் எல்லாம் ஒரே வரிசையில் வந்து நின்றன. 'நல்லா இருக்கேன்' என்று அவன் சொன்னதெல்லாம் அவள் கேட்டு முடிப்பதற்கு முன்பே வந்த பதில்கள். அவளுக்குப் பயமாக இருந்தது. அவ்வளவு பயம் அவன் படுத்திருந்த நாட்களில்கூட வந்ததில்லை.

மைக்கை அமுக்கினாள். "ஏம்ப்பா அமுக்கற?"

கட்டைவிரல் நின்றது. "சத்தம் வந்ததே."

"வரல. நான் நிறுத்தி ரொம்ப நேரமாச்சு."

அவன் யோசித்தான். "ஓ," என்றான். "வர்ற நேரம்னு நினைச்சேன்."

"உனக்கு நிஜமாக் கேட்டுச்சா? மொதல்லேர்ந்து சொல்லு."

"தெரியல. கவனிக்கல. நீ எதிர்பார்ப்பேன்னு அமுக்கினேன்." பிறகு, நேரம் கேட்டவனுக்கு நேரம் சொல்கிற குரலில், "எல்லாருக்கும் அப்படித்தான் அமுக்கிட்டிருக்கேன்," என்றான்.

வெளியே காத்திருந்த ஒருத்தர் கதவைத் தட்டினார். சின்னு எழுந்து போய், "இன்னிக்கு முடியாதுங்க, மன்னிச்சுக்கோங்க," என்று சொல்லித் தாழ் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். உள்ளே போய் அவனைக் கட்டிக்கொள்ளலாம் என்று தோன்றியது. போனால் அவன் உடனே அவளைச் சமாதானப்படுத்த ஆரம்பித்துவிடுவான் என்றும் தோன்றியது. கண்ணாடிக்கு இந்தப் பக்கமே இருந்தாள்.

"எப்பலேர்ந்து?"

"எழுந்த நாள்லேர்ந்து."

"அப்ப நீ குணமாகலையா?"

"படுத்திருந்தப்ப அழுகையாவது வந்துச்சு. ஒருநாள் அது நின்னுடுச்சு. எழுந்து குளிச்சேன். நீங்க எல்லாரும் அவ்வளவு சந்தோஷப்பட்டீங்க. சரி, குணமாகறதுன்னா இதுதான் போலன்னு நினைச்சேன்."

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"கேட்டார். நல்லா இருக்கேன்னேன். அவரும் சந்தோஷப்பட்டார்."

"மாத்திரை?"

"போன மாசத்தோட விட்டுட்டேன். சாப்பிட்டாலும் ஒண்ணுதான், சாப்பிடாட்டாலும் ஒண்ணுதான்."

சின்னு மைக்கைப் பிடித்திருந்த கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்று பாக்கி இருந்தது. கேட்காமல் விட்டால் பதில் இல்லாமல் போய்விடாது.

"சாகணும்னு தோணுதா?"

அவன் உடனே பதில் சொல்லவில்லை. அந்தத் தாமதம்தான் அன்று அவன் அவளுக்குக் கொடுத்த முதல் நிஜமான விஷயம்.

"எதையும் பண்ணணும்னு தோணல," என்றான். "ஆனா இந்த பஸ் எங்கயாவது கவுந்தா பரவாயில்லன்னு நேத்து தோணுச்சு. மத்தவங்க எல்லாம் இறங்கினப்புறம்."

சின்னு அழுதாள். மைக் அமுங்கியே இருந்ததால் அது அவன் ஹெட்போனில் கேட்டது. அவன் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவளைச் சமாதானப்படுத்த வேண்டும் என்று தெரிந்தது. என்ன சொல்வது என்று தெரியவில்லை. இந்தத் தடவை ஒன்றும் சொல்லாமல் இருந்தான்.

*

மனநல டாக்டருக்கு அவளே போன் செய்தாள். உடனே அழைத்துக்கொண்டு வரச் சொன்னார். அதுவரை ஒரு நிமிஷம்கூடத் தனியாக விட வேண்டாம் என்றார். டூர் என்று ஆரம்பித்ததுமே, "முதல்ல ஆள், அப்புறம் டூர்," என்று வைத்துவிட்டார்.

பஸ் நேராகக் கிளினிக் வாசலுக்கே வந்து இடியை ஏற்றிக்கொள்வதாக ஏற்பாடு. அவர்கள் வெளியே வரும்போதே வந்து நின்றது. வீட்டிலிருந்து அவன் பெட்டி ஏற்கெனவே ஏறியாகிவிட்டது. பாடகன் கதவில் தொங்கிக்கொண்டே, "வாய்யா மாப்பிள்ளை, ஊர்வலம் கிளம்பணும்!" என்றான். தங்கையின் முகத்தைப் பார்த்ததும் இறங்கினான்.

சின்னு சொன்னாள். நடந்ததை நடந்தபடி, கூட்டாமல் குறைக்காமல்.

"என்னடி சொல்ற? காலையில அவன் வாசிச்சதைக் கேட்டியா நீ? இவ்வளவு நல்லா அவன் என்னைக்குமே வாசிச்சதில்ல!"

"அதுதாண்ணா சொல்றேன்."

"டாக்டரை அங்கயிருந்து போன்ல பார்த்துக்கலாம். நான் கூடவே இருக்கேன். என் ரூம்லயே படுக்க வைக்கிறேன். மாத்திரை நான் குடுக்கறேன்."

"மேடையில நீ முன்னாடி நிப்பே. அவன் உன் முதுகுக்குப் பின்னால இருப்பான். எப்படிப் பார்த்துப்பே?"

 அண்ணன் இடியிடம் போனான். "அவன் வாயால சொல்லட்டும்," என்றான்.

"அவன்கிட்ட கேக்காதேண்ணா. கேட்டா சரின்னுதான் சொல்வான்."

அது பாடகனுக்குத் தெரியாதா? தெரிந்துதான் கேட்டான். அவன்மேல் எனக்குக் கோபம் வருகிற இடம் இது ஒன்றுதான்.

"மச்சான், வர்றியா?"

வர்றேன் என்ற வார்த்தை இடியின் நாக்குக்கு வந்துவிட்டது. பஸ்ஸுக்குள் பேஸ் கிட்டார்க்காரன் எட்டிப் பார்த்தான். டிரைவர் எஞ்சினை அணைக்கவில்லை. சின்னு பக்கத்தில் நின்றாள். ஒன்றும் எடுத்துக்கொடுக்கவில்லை. தனக்கு என்ன வேண்டும் என்று இடி உள்ளே தேடிப் பார்த்தான். ஒன்றும் அகப்படவில்லை. என்ன வேண்டும் என்பது தெரியாவிட்டால் போகட்டும். கொஞ்ச நேரம் முன்னால் உள்ளே ஒரு உண்மையைச் சொன்னான், வானம் இடிந்து விழவில்லை. அது மட்டும் ஞாபகம் இருந்தது.

"வரல மச்சான்."

சொல்லும்போது அவனுக்கு எதுவும் தோன்றவில்லை. வருத்தமும் இல்லை, நிம்மதியும் இல்லை.

பாடகன் பஸ் டயரை ஓங்கி உதைத்தான். "நாலு மாசம்யா! நாலு மாசம் உனக்காக உக்காந்திருந்தோம். வேற ஆளைப் போடுன்னு எல்லாரும் சொன்னாங்க. போட்டேனா? இன்னிக்கு வந்து, வண்டி வாசல்ல நிக்கறப்ப..."  நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

சின்னு அவன் தோளில் கை வைத்தாள்.

"எனக்குக் காலையிலயே தெரியும் சின்னு," என்றான் தலையைத் தூக்காமல். "அவன் மூஞ்சியைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்துட்டேன். நான் மனுஷனா?"

"மனுஷன்தான். எந்திரி."

எழுந்தான். முகத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். பெட்டியை இறக்கச் சொன்னான். இதற்குள் பஸ்ஸின் பின் ஜன்னலிலிருந்து ஒலிப்பதிவுக்காரன் அவனைக் கூப்பிட்டு ஏதோ சொன்னான். பாடகனின் முகம் கொஞ்சம் தெளிந்தது. வந்து இடியைக் கட்டிக்கொண்டான். நிஜமான அன்போடுதான் கட்டிக்கொண்டான். அதில் சந்தேகமே வேண்டாம்.

"நீ எதைப் பத்தியும் கவலைப்படாத மச்சான். காலையில நீ வாசிச்சது முழுக்கப் பதிவாகியிருக்காம். டிரம்ஸ் தனியா, சுத்தமா இருக்கு. ஒரு பிசகு இல்லாததால அப்படியே ஓட விட்டு நாங்க மேல வாசிச்சுக்கலாம்னு சொல்றான். டூர் நிக்காது. நீ நிம்மதியா உடம்பைப் பாரு. உன் வாசிப்பு எங்ககூட வருது."

"சரி மச்சான்," என்றான் இடி.

பஸ் கிளம்பிப் போயிற்று. தெருமுனையில் திரும்பும்போது பேஸ் கிட்டார்க்காரன் கையசைத்தான். சின்னு டாக்ஸிக்குப் போன் செய்தாள். பெட்டியைச் சுவரோரம் தள்ளி வைத்தாள். திரும்பிப் பார்த்தால் இடி நின்ற இடத்திலேயே நின்றான். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"என்னப்பா? தலை சுத்துதா?"

"அதைப் போடக் கூடாது."

"எதை?"

"அந்தப் பதிவை." மூச்சு வாங்கியது. "அது யாருமே வாசிக்காதது சின்னு. அதுல ஆளே இல்ல. அதை ஊர் ஊரா எடுத்துட்டுப் போய், நான்னு சொல்லி, ஜனங்க முன்னாடி போடப் போறாங்க. கூடாது. வேற எவனையாவது வாசிக்கச் சொல்லு. தத்துப்பித்துன்னு வாசிச்சாலும் பரவாயில்ல. உயிரோட இருக்கறவன் வாசிக்கணும்."

கடைசி வார்த்தைகளில் குரல் உயர்ந்துவிட்டது. எதிர்க் கடையில் சாமான் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கிளினிக் வாட்ச்மேன் நாற்காலியிலிருந்து எழுந்தான்.

இதோ குணமாகிவிட்டான் என்று யாரும் குதிக்க வேண்டாம். நோய் அப்படிப்பட்டது இல்லை. டாக்டர் வீட்டுப் படியை அவன் இன்னும் ஏறவில்லை. ஏறி இறங்க வேண்டிய தடவைகள் நிறைய இருக்கின்றன. கோபம் வந்தது, அவ்வளவுதான். சின்னுவுக்கு அது போதுமாக இருந்தது. அண்ணனின் நம்பரைப் போட்டாள்.

மணி போய்க்கொண்டே இருந்தது. பஸ்ஸுக்குள் பாட்டும் கூச்சலுமாக இருந்திருக்கும். இல்லை, திரையில் தங்கையின் பெயரைப் பார்த்துவிட்டு அண்ணன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டிருக்கலாம். எதுவென்று எனக்கும் இன்னும் தெரியாது.

டாக்ஸி வந்து நின்றது. டிரைவர் பெட்டியை எடுத்துப் பின்னால் வைத்தார். சின்னு கதவைத் திறந்து பிடித்தாள். இடி ஏறவில்லை.

"எடுக்கலையா?"

"எடுக்கலப்பா. வா, டாக்டர் காத்திட்டிருப்பார். அப்புறம் பேசிக்கலாம்."

"வர்றேன். டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்றேன். நீ கேட்டதையும் சொல்றேன்." அவள் கையிலிருந்த போனைக் காட்டினான். "ஆனா மறுபடி போடு."

ரெண்டு மாசத்தில் அவன் எனக்கு இது வேண்டும் என்று கேட்டது அதுதான் முதல் தடவை. சின்னு மறுபடி போட்டாள்.